மூடிக்கிடக்கிற பொடவு: எந்தப் பக்கம் கை வைப்பது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையேறியது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அந்தக் களேபரத்தில் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பொத்தையில், அந்தப் பாறைக்குன்றில், என்ன நடந்தது என்று எவரும் போய்ப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து, பங்குனி உத்திரத்துக்குக் கட்டுச்சோறோடு போய் இறங்கியபோதுதான் தெரிந்தது, பொடவின் வாயைக் காணோம்.

பொடவு என்றால் குகை. வெளியூரில் வளர்கிற எங்கள் பிள்ளைகளுக்கே இப்போது இந்த விளக்கம் தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் அதன் வாய் பன்னிரண்டு அடி அகலம் இருந்தது. ஆள் குனியாமல் உள்ளே போகலாம். மழை வந்தால் முப்பது ஆடுகளை உள்ளே ஒதுக்குவார்கள். கார்த்திகைக்கு உள்ளே ஒரு கல்லில் விளக்கு வைப்பது எங்கள் குடும்பங்களின் வழக்கம். நான் கடைசியாக உள்ளே போனது பத்தாம் வகுப்பு படிக்கும்போது. அப்புறம் ஆடு மேய்ப்பவர்கள் குறைந்தார்கள், சீமைக்கருவேலம் வாயை மறைத்தது, மேலிருந்து வருகிற தண்ணீர் வருஷா வருஷம் கொஞ்சம் சரள்மண்ணைக் கொண்டுவந்து ஒதுக்கியது. அதை அள்ளிப்போட ஆளில்லை. டிசம்பர் மழை மிச்ச வேலையை முடித்துவிட்டது. மேல்சரிவு மொத்தமாக இறங்கி, கூடவே இரண்டு உருண்டைப் பாறையையும் உருட்டிவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறது. இப்போது கண்ணுக்குத் தெரிவது மேல் உதடு மட்டும். இடது ஓரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு.

பானை பொங்குவதற்குள் கட்சிகள் பிரிந்துவிட்டன. "மாமா, ஒரு ஜேசிபி, ரெண்டு மணி நேரம். சோலி முடிஞ்சுது" என்றான் மருமகன். "சாமியே மூடிக்கிட்டாரு. நீ ஏம்ல தோண்டுத?" என்றார் பெரியப்பா. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அத்தை, தொல்லியல் துறைக்கு எழுதிப் போடாமல் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்கக் கூடாது என்றார். எனக்கு அப்போது கடப்பாரையும் நாலு ஆளும் போதும் என்ற எண்ணம். தாத்தா கிணறு வெட்டுகிறவர், அந்தத் திமிர். இதற்குப் பிறகு நான் விசாரித்ததிலும் அளந்து பார்த்ததிலும் என் எண்ணம் பாதி மாறிவிட்டது. நாற்பத்தொரு தலைக்கட்டும் கூடி முடிவெடுப்பதற்கு முன்னால், எந்த வழியில் என்ன லாபம், என்ன வம்பு என்று எழுதிவைக்கிறேன். இதே மாதிரி மூடிய பொடவு வேறு ஊர்களிலும் இருக்கும்.

முதலில் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பொடவு வழியாகப் போன ஓர் ஆட்டுக்கடா திருச்செந்தூரில் வெளியே வந்தது என்று ஆச்சி சொல்லுவாள். இந்தக் கடா நெல்லைச் சீமையில் ஊருக்கு ஒன்று உண்டு, வெளியே வருகிற இடம்தான் மாறும். இன்னொன்று கட்டபொம்மன் புதையல். 1799-ல் கயத்தாற்றில் தூக்கில் போடப்பட்ட அந்த மனுஷன் எங்கள் பக்கத்துப் பொத்தைகளில் புதைத்ததாகச் சொல்லப்படுகிற தங்கத்தையெல்லாம் கூட்டினால், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மண்ணால் கட்டியிருக்கவே வேண்டாம்.

பொடவு எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கதை தீர்மானிக்காது, பாறைதான் தீர்மானிக்கும். திசையன்விளைப் பக்கம் ஆயன்குளத்தில் ஒரு கிணறு இருக்கிறதே, 2021 மழையில் வாரக்கணக்காக வெள்ளத்தைக் குடித்தும் நிரம்பாத கிணறு, அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீரில் இருக்கிற லேசான அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து வழி உண்டாக்கும். ஐஐடி மெட்ராஸிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள் பூமிக்கடியில் அப்படிக் கரைந்த வழிகள் இருப்பதாகத்தான் சொன்னார்கள். அந்த மாதிரிப் பாறையில் அடைபட்ட வாயைத் தோண்டினால் உள்ளே எவ்வளவு தூரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பக்கம் வாரக்கடைசி தோறும் கூடி, ஒரே குழியை வருஷக்கணக்கில் தோண்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் அந்த ஆசையில்தான். எங்கள் பொத்தை அப்படி இல்லை. அது கரையாத கருங்கல் ஜாதி. வெயிலும் மழையும் பட்டு வெடித்த பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்க, இடையில் விட்ட வெற்றிடம்தான் பொடவு. பாறை எங்கே முடிகிறதோ அங்கே அதுவும் முடியும். எங்களுடையது உள்ளே நாற்பது அடி இருந்தால் அதிகம். ஆக, நாங்கள் தேடப்போவது ஆட்டுக்கடா போன வழியை இல்லை. பழைய விளக்குக்கல்லை.

கரைந்து உண்டான குகையின் கூரை பெரும்பாலும் ஒரே பாறையாக இருக்கும். பாறை அடுக்கில் உண்டான பொடவின் கூரை, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிற தனித்தனிக் கற்கள். நடுவில் இருக்கிற மண்ணும் சில்லும் சும்மா அடைத்துக்கொண்டு கிடக்கவில்லை, அவையும் தாங்கிக்கொண்டிருக்கலாம். தாத்தா புதுக் கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் கரையில் உட்கார்ந்து ஒரு பீடி முழுக்கப் பிடித்து முடிப்பார். "மண்ணு கல்லத் தாங்குதா, கல்லு மண்ணத் தாங்குதான்னு தெரியாம இறங்கப்பிடாது" என்பார். பொடவின் வாசலில் வந்து நிற்கிற இரண்டு உருண்டைப் பாறையில் வலது பக்கத்துப் பாறை மேல் உதட்டை முட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரிகிறது. அது வெறுமனே சாய்ந்து கிடக்கிறதா, உதட்டுக்கு முட்டாக நிற்கிறதா? வெளியே நின்று பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. இந்த ஒரு கேள்விதான் நான்கு வழிகளையும் பிரித்துப்போடுகிறது.

ஜேசிபி கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எங்கள் பக்கம் மணிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் சொல்கிறார்கள். விழுந்து கிடப்பது, நான் டேப் வைத்து அளந்ததில், பன்னிரண்டு அடி அகலம், பதினைந்து அடி ஆழம், சராசரி ஆறடி உயரம். மணல் லாரிக் கணக்கில், நூறு கன அடி ஒரு யூனிட் என்று, பதினோரு யூனிட். ஐம்பது டன்னுக்கு மேல். இயந்திரத்துக்கு இது அரைநாள் வேலை, காசும் பெரிதில்லை. ஆனால் ஜேசிபியின் வாளி ஒரு கல்லை மட்டும் பிடித்து எடுக்காது, எது முட்டு எது குப்பை என்று அதற்குத் தெரியாது. வலதுபக்கப் பாறை உண்மையிலேயே உதட்டைத் தாங்கிக்கொண்டிருந்தால், அதை இழுக்கிற நிமிஷத்தில் பொடவே இல்லாமல் போகும். ஓட்டுநர் நெற்றிக்கு நேராக. இன்னொன்று, அந்தப் பொத்தை கோயில் நிலம் இல்லை, பாறைப் புறம்போக்கு. அனுமதி இல்லாமல் புறம்போக்கில் இயந்திரம் வைத்துச் சரள் அள்ளினால் அது கனிமத் திருட்டு. வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்த் தாலுகா ஆபீஸில் நிறுத்திவிடுவார்கள். சாமி காரியம் என்று சொன்னால் எடுபடாது. பக்கத்து ஊர் ஒன்றில் குளத்துக்கரையில் மண் எடுக்கப் போய் நாங்களே ஒருதடவை டிராக்டரை விட்டுவிட்டு வந்து, ஆறு மாதம் அலைந்திருக்கிறோம்.

கையால் தோண்டுவது வேறு கணக்கு. முழு வாயையும் திறக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு மூன்றடிக்கு மூன்றடி வழி போதும். பதினைந்தடி நீளத்துக்கு நூற்று முப்பத்தைந்து கன அடி, ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேலே. ஆறரை டன். இரும்புச் சட்டியில் பதினெட்டுக் கிலோ வைத்தால் முந்நூற்று அறுபது சட்டி. வெட்டிய மண் கால் பங்கு ஊதும் என்பதால் கொட்டுகிற இடத்தை முதலிலேயே, சரிவுக்குக் கீழே, தண்ணீர் திரும்பி வராத பக்கமாகப் பார்த்து வைக்க வேண்டும். எங்கள் பழைய தப்பே அதுதான். ஒருகாலத்தில் வாசலில் அள்ளிய மண்ணை வாசலுக்குப் பக்கத்திலேயே கொட்டினார்கள், அடுத்த ஐப்பசி மழை அதைத் திருப்பி உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது.

வழி நடுவில் போகக் கூடாது. இடது ஓரமாக, தாய்ப்பாறையை ஒட்டிப் போக வேண்டும். ஒரு பக்கச் சுவர் இயற்கையிலேயே உறுதியாகக் கிடைத்துவிடும், வலதுபக்க உருண்டைப் பாறையைத் தொட வேண்டியதும் இல்லை. கைக்கு எட்டுகிற இடுக்கும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கட்டட வேலையில் ஐந்தடிக்கு மேல் பள்ளம் எடுத்தால் முட்டுக் கட்டாயம் என்று ஒரு பொதுவிதி வைத்திருக்கிறார்கள். சரிந்த மண்ணுக்குள் கிடையாகப் போவதற்கு அந்த ஐந்தடி சலுகைகூடக் கிடையாது, முதல் அடியிலிருந்தே முட்டு வேண்டும். இதற்கு எங்கள் ஊரில் பனையை விட்டால் வேறு பேச்சு இல்லை. வைரம் பாய்ந்த பழைய பனங்கை, இடிந்த ஓட்டு வீடுகளில் இன்னமும் கிடைக்கிறது, கறையானும் லேசில் அதில் ஏறாது. மூன்றடிக்கு ஒரு சட்டம்: இரண்டு கால், மேலே ஒரு குறுக்கு. சட்டத்துக்குப் பின்னால் பலகை. பலகைக்கும் மண்ணுக்கும் இடையில் விடுகிற பொந்தைச் சில்லுக்கல்லால் இறுக்கி அடைத்து, மேலே ஆப்பு அடித்து நெருக்க வேண்டும். பொந்து விட்டால் மண் நகரும், நகரத் தொடங்கிய மண் நிற்காது. சென்ட்ரிங் ஆட்களிடம் வாடகைக்கு வாங்குகிற இரும்பு ஜாக்கியும் வைக்கலாம்தான். எனக்கு மரம்தான் பிடிக்கும். பாரம் ஏறும்போது மரம் முனகும், நமக்கு வெளியே ஓட நேரம் கொடுக்கும். ஜாக்கி முனகாது.

ஒருநேரத்தில் ஒருவர் உள்ளே, ஒருவர் வாசலில் சட்டி வாங்க, மூன்றாவது ஆள் மேல்சரிவைப் பார்த்துக்கொண்டு. அந்த மூன்றாவது ஆளுக்குத் தோண்டுகிற வேலை எதுவும் தரக் கூடாது. கூலிக்கு ஆள் வைத்தால் சும்மா நிற்கிறவருக்கு எதற்குச் சம்பளம் என்று கணக்கு கேட்பார்கள், கேட்கட்டும். தோண்டத் தொடங்குவதற்கு முன்பே மேல்சரிவில் தொங்கிக்கொண்டிருக்கிற கற்களைக் கம்பியால் நெம்பிக் கீழே தள்ளிவிட வேண்டும். மழைத்தண்ணீர் பக்கவாட்டில் போக ஒரு வாய்க்காலும் வெட்ட வேண்டும். எங்கள் ஊருக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. எனவே தை பிறந்து ஈரம் உலர்ந்த பிறகு, மாசி, பங்குனியில்தான் வேலை. ஈர மண்ணை வெட்டுவது சுலபம் என்று தை முதல்வாரத்திலேயே ஆரம்பிக்க மருமகன் நினைத்தான். ஈரமண் கனமும் கூட, சரிவதும் கூட.

நான்கு பேர், சட்டங்களோடு சேர்த்து, எட்டுப் பத்து நாள் ஆகும். கூலி, பனங்கை, பலகை எல்லாம் போட்டால் ஜேசிபி காசைப்போலப் பல மடங்கு. ஆனால் இடையில் எந்த நாளும் நிறுத்தலாம், தப்பாகத் தெரிந்தால் திரும்பலாம். கைவேலையில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இனி காற்று. கிணறு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்ததால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறேன். பாழுங்கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவது எல்லோரும் பார்த்த வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது, சரி. அணையாவிட்டால் இறங்கலாம் என்பதில்தான் தகராறு. விளக்கு அணைவது முக்கியமாக ஆக்சிஜன் குறைவதால். நல்ல காற்றில் 21 சதவீதம் இருக்கிற ஆக்சிஜன் 16, 17-க்கு இறங்கும்போதுதான் சுடர் சாகும். அதற்கு முன்பே கரியமிலவாயு மனிதனுக்கு மூச்சுத் திணறுகிற அளவுக்கு ஏறியிருக்கலாம், விளக்கு அழகாக எரிந்துகொண்டே இருக்கும். மழை வெள்ளம் பொடவுக்குள் தள்ளிய இலையும் சருகும் உள்ளே மட்கிக்கொண்டிருக்கிறது. மட்கும்போது ஆக்சிஜனைத் தின்று கரியமிலவாயுவைத்தான் விடும், அது கனமான காற்று, தாழ்ந்த பக்கம் தேங்கும். எங்கள் பொடவின் தரை உள்பக்கம் தாழ்வு. அதனால் வாயு அளக்கிற மீட்டர் இல்லாமல் யாரும் போகக் கூடாது என்பது என் முடிவு. பாதாளச் சாக்கடை வேலை எடுக்கிற ஒப்பந்தக்காரர்களிடம் வாடகைக்கே கேட்டுப் பார்க்கலாம். ஜெனரேட்டர், பெட்ரோல் மோட்டார் எதுவும் வாய்ப்பக்கம் வரவே கூடாது, அதன் புகை உள்ளே போய் உட்காரும்.

ஐந்தாவது வழி ஒன்றை யாரும் முதலில் சொல்லவில்லை. அந்தி மயங்குகிற நேரத்தில் பொத்தைமேல் உட்கார்ந்திருந்தபோது என் மகள்தான் பார்த்தாள். வாவல்கள் வாசல் இடுக்கிலிருந்து வரவில்லை. மேலே, இருபதடி பின்னால், இரண்டு பாறைக்கு நடுவில் உடைமரம் மறைத்திருந்த ஒரு வெடிப்பிலிருந்து வரிசையாக வந்தன. ஒரு முழ அகலம். உள்ளே டார்ச் அடித்தால் வெளிச்சம் எங்கோ கீழே போய் விழுகிறது.

அது பொடவோடு சேர்கிறதா, தனி வெடிப்பா? இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. பொடவுக்குள் வெப்பம் வருஷம் முழுக்க அவ்வளவாக மாறாது. சித்திரை உச்சி வெயிலில் வெளியே கொதிக்கும்போது உள்ளே இருக்கிற குளிர்ந்த காற்று கனமாக இருக்கும், கீழ்வாய் வழியாக வெளியே வழியும், அந்த இடத்தை நிரப்ப மேல்வாய் காற்றை உறிஞ்சும். மார்கழி விடியற்காலையில் இது அப்படியே தலைகீழாகும். ஒரு நண்பகலில் கீழ் இடுக்கில் மகளும் மேல் வெடிப்பில் நானும் சாம்பிராணி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவளுடைய புகை அவள் முகத்தில் அடித்தது. என்னுடையது வெடிப்புக்குள் போனது. சேர்கிறது. காற்று ஓடுகிறது என்றால் கரியமிலவாயு தேங்குகிற பயமும் கொஞ்சம் குறைவு, மீட்டர் வேண்டாம் என்கிற அளவுக்கு இல்லை.

மேல்வழியின் பெரிய லாபம், ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்காமல் உள்ளே என்ன நிலைமை என்று பார்க்கலாம். குழாய் அடைப்புப் பார்க்கிற கேமரா ஒன்று, செல்போனில் மாட்டுவது, ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வலதுபக்கப் பாறை உதட்டைத் தாங்குகிறதா என்ற கேள்விக்கு உள்பக்கமிருந்துதான் பதில். ஆனால் ஆள் இறங்க இந்த வழி லாயக்கில்லை என்று நினைக்கிறேன். ஒரு முழ வெடிப்பில் இறங்கிவிடலாம், காலோ கையோ உடைந்து கிடக்கிறவரை அதே வெடிப்பு வழியாகத் தூக்க முடியாது. வெடிப்பை உளியும் ஆப்பும் வைத்து அகலப்படுத்தலாமே என்றால், அங்கேதான் வாவல் குடியிருக்கிறது. குட்டிகள் இருக்கிற நேரத்தில் தட்டினால் கூண்டோடு போய்விடும். களக்காடு முண்டந்துறைக் காட்டில் இருக்கிற சலீம் அலி பழவாவல் போன்ற அரிய இனம் எங்கள் கட்டாந்தரைப் பொத்தையில் இருக்காதுதான். பூச்சி தின்கிற சாதாரண வாவல் என்றாலும் எங்கள் வயலுக்கு அது சம்பளம் வாங்காத வேலைக்காரன். அதன் எச்சம் காய்ந்து பொடியாகக் கிடக்கிற இடத்தில் நுரையீரலைப் பிடிக்கிற பூஞ்சை இருக்கலாம் என்பதால், எந்த வழியாகப் போனாலும் நல்ல மாஸ்க் வேண்டும். மூக்கில் துண்டு கட்டுவது போதாது.

அத்தையின் கட்சிக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எனக்கு இது காலம் கடத்துகிற யோசனையாகத்தான் பட்டது. கடிதம் போட்டால் பதில் எப்போது வருமோ, வந்து பார்ப்பார்களோ மாட்டார்களோ. ஆனால் சீவலப்பேரிக்குப் பக்கத்தில் மறுகால்தலை இருக்கிறதே. பூலுடையார் சாஸ்தா கோயில் இருக்கிற பாறைதான் அதுவும். எங்களைப்போலவே பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் போகிற இடம். அந்தப் பாறையின் குகைத்தளத்தில், வெண்காசிபன் என்பவர் செய்துகொடுத்த கற்படுக்கை என்று பொருள்படும் தமிழி எழுத்து வெட்டியிருக்கிறது. இரண்டாயிரம் வருஷப் பழசு. தலைமுறை தலைமுறையாகக் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தவர்கள் தலைக்குமேல் அது இருந்திருக்கிறது. சாஸ்தாவுக்கும் பொடவுக்கும் சமணத் துறவிகள் தங்கிய பள்ளிக்கும் எங்கள் சீமையில் இப்படி ஓர் ஒட்டு இருக்கிறது என்கிறபோது, எங்கள் பொடவில் ஒன்றும் இருக்காது என்று எந்தத் தைரியத்தில் சொல்வது?

அதனால் தெரிந்துகொள்ள வேண்டிய அடையாளங்கள்: மேல் உதட்டுப் பாறையில் மழைத்தண்ணீர் உள்ளே வடியாமல் இருக்க வெட்டிய காடி, தரைப்பாறையில் ஆள் படுக்கிற அளவுக்கு வழித்த பள்ளமும் தலைமாட்டு மேடும், ஊர்வழக்கில் பஞ்சபாண்டவர் படுக்கை என்பது. சுவரில் சிவப்பாக ஏதாவது கோடு. மண்ணில் கறுப்பும் சிவப்புமான பானை ஓடு. தேரிக்காட்டுப் பக்கம் கிடைக்கிற மாதிரிச் சின்னச் சின்னக் கல் சில்லுகளில் கூரான விளிம்பு. உதட்டில் இப்போது தெரிகிற பகுதியை நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். இடதுகோடியில் ஒரு வரி ஓடுகிறது. இயற்கை வெடிப்பா, காடியா? நான் கல்தச்சன் இல்லை.

சட்டமும் அத்தை பக்கம்தான். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்த இடமாக இருந்தால் தோண்டுவதே குற்றம். அப்படி அறிவிக்காத இடமென்றாலும், மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். பத்து ரூபாயை இன்னும் யாரும் மாற்றவில்லை. புறம்போக்கில் கை வைக்கத் தாசில்தார் அனுமதியும் வேண்டும். ஒரே மனுவை வி.ஏ.ஓ. வழியாக ஒன்று, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு ஒன்று, தொல்லியல் துறைக்கு ஒன்று என்று அனுப்பிவிட்டால், வருகிறவர் வரட்டும். இந்த வழியின் ஒரே குறை, வந்து பார்த்துவிட்டு முக்கியமானது என்று சொல்லிவிட்டால் சாவி நம்மிடம் இருக்காது. கார்த்திகை விளக்குக்கும் கேட்டுத்தான் போக வேண்டியிருக்கும். பெரியப்பாவுக்குக் கோபம் வருகிற இடமும் இதுதான்.

பெரியப்பாவின் கட்சியைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. மூடியே கிடந்தால் யாரும் சாகப்போவதில்லை. உள்ளே இருப்பது உள்ளேயே பத்திரமாக இருக்கும், மண்ணைவிட நல்ல காவல்காரன் கிடையாது. திறந்துவிட்டால் பாட்டில் வந்துசேரும், காதலர் பெயர்கள் சுவரில் ஏறும், புதையல் தேடுகிற கும்பல் ராத்திரியில் கடப்பாரையோடு வரும். இதற்கெல்லாம் பதில் ஒரு கம்பிக்கதவு: கம்பிகள் கிடையாக, ஐந்தே முக்கால் அங்குல இடைவெளி விட்டு. ஆள் நுழைய முடியாது, வாவல் பறந்து போகலாம். ஆனால் கதவு போட்டால் பூட்டு, பூட்டுக்கு ஒரு பொறுப்பாளி, அவர் ஊரைவிட்டுப் போனால் அடுத்தவர். இருபத்தைந்து வருஷமாக வாசலில் ஒரு சட்டி மண்ணை அள்ளிப்போட ஆளில்லாத கூட்டம் நாங்கள். சும்மா விடுவதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இடது இடுக்கு இப்போது பையன்களுக்குத் தெரிந்துவிட்டது. கை நுழைகிற இடுக்கில் அடுத்த வருஷம் தலை நுழையும். விடுவதானால் வேலி போட்டு, மேல்சரிவுத் தண்ணீரைத் திருப்பிவிட்டுத்தான் விட வேண்டும். அதுவும் வேலைதான், செலவுதான்.

என் கணக்கு இப்படி வந்து நிற்கிறது. ஜேசிபி எந்த நிலையிலும் வேண்டாம். முதலில் மேல்வெடிப்பில் கேமரா. கூடவே மனு. கேமராவில் வலதுபாறை தாங்குகிறது என்று தெரிந்தாலோ, உள்ளே கூரை இறங்கியிருந்தாலோ பெரியப்பா சொன்னபடி வேலி. அது இல்லாமல், அனுமதியும் கிடைத்தால், இடது ஓரமாகப் பனங்கை முட்டோடு மூன்றடி வழி. வழியில் காடி, படுக்கை, ஓடு எது தென்பட்டாலும் அந்தச் சட்டியோடு நிறுத்திவிட்டுக் காத்திருப்பது.

போன மாசியில் கேமரா இறக்கினோம். கயிற்றோடு சேர்த்துக் கட்டி இருபத்திரண்டு அடி போனது. கூரை முழுசாக இருக்கிறது. வாசல் மண் உள்ளே மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது, மிச்சத் தரை உலர்ந்து கிடக்கிறது. விளக்குக்கல் நிற்கிறது, பின்சுவரில் எண்ணெய்ப் புகை ஏறிய கறுப்பும் தெரிகிறது. வலதுபாறையின் உச்சிக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் வந்தது, ஆகவே பாறை சாய்ந்துதான் கிடக்கிறது, தாங்கவில்லை. பெரியப்பா அந்த வீடியோவை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கதவு போடுதது யாரு செலவு?" என்று கேட்டார்.

மனுவில் முப்பத்தொன்பது தலைக்கட்டு கையெழுத்துப் போட்டாயிற்று. ஒருவர் துபாயில் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் சரி சொல்லிவிட்டார். பாக்கி மருமகன்தான். ஜேசிபிக்காரனுக்கு இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம், அதை வாங்கிக்கொடுத்தால் போடுகிறேன் என்கிறான்.